ரெக்கார்ட் தேய்ந்த காலமும் விரல் தெரியும் காலமும்

வெஸ் மாண்ட்கோமரியின் கிட்டார் சோலோ பெரும்பாலும் மூன்று படியாக ஏறும். முதலில் ஒற்றை ஸ்வரங்கள். அடுத்து, ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்துப் பிடிக்கும் ஆக்டேவ்கள். கடைசியில் கார்ட்கள்: மெட்டின் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அடியில் இன்னும் இரண்டு மூன்று ஸ்வரங்கள் ஒட்டிக்கொண்டு, எல்லாமாகச் சேர்ந்து ஓடும். எழுதி வைத்து வாசிப்பதல்ல, அந்த நேரத்துக் கற்பனை. ஜாஸ்காரர்கள் இதைத்தான் கார்ட் சோலோ என்கிறார்கள். 1960இல் 'தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிட்டார்' ஆல்பம் வந்தபோது அதைக் கேட்டுக் கற்க உட்கார்ந்தவனுக்கு முதல் இரண்டு படிகள் எப்படியாவது பிடிபட்டுவிடும். மூன்றாவதில்தான் வழுக்கும். எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட், எந்த விரல் என்று ரெக்கார்ட் சொல்லாது.

அன்றைய வாத்தியார் ரெக்கார்ட் பிளேயர்தான். ஊசியைத் தூக்கித் தூக்கி அதே நாலு பார் மேல் வைக்க வேண்டும். அந்த இடம் மட்டும் தேய்ந்து கரகரக்கத் தொடங்கும். அக்காலத்துப் பல பிளேயர்களில் 33, 45, 78 தவிர 16 என்றொரு வேகமும் உண்டு, பேச்சுப் பதிவுகளுக்காக வைத்தது. 33இல் சுழல வேண்டிய எல்.பி.யை அதில் ஓடவிட்டால் வேகம் பாதியாகும், கூடவே சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கும். ஒற்றை ஸ்வரங்களைப் பிடிக்க இது வரப்பிரசாதம். கார்ட்டுக்கு உதவாது. நாலு ஸ்வரமும் கீழே போய், பாஸ் வாத்தியத்தோடு குழைந்து, சேறாகிவிடும். மேலே உள்ளது தெளிவாகக் கேட்கும். அடியில் உள்ளது ஓரளவு. நடுவில் இருக்கும் இரண்டும் ஊகம்தான்.

வெஸ்ஸும் ரெக்கார்ட் வழியாக வந்தவர்தான். இண்டியானாபொலிஸில் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார். பகலில் தொழிற்சாலை, ராத்திரியில் கிளப். பிக்கை விட்டுக் கட்டைவிரலால் மீட்டத் தொடங்கியது அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாமல் இருக்க என்பது எல்லோரும் சொல்லும் கதை. ஆனால் கிறிஸ்டியன் 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து பெயர் வாங்கியது ஒற்றை ஸ்வர வாசிப்புக்கு. அந்த ரெக்கார்ட்களில் இப்படியான கார்ட் ஓட்டம் கிடைக்காது. அதை வெஸ் தானேதான் தேடிக்கொண்டார்.

அதற்காக 'ஒன்றும் தெரியாத பிறவி மேதை' என்று அவரை ஓரம் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. நொட்டேஷன் படிக்கத் தெரியாது, உண்மைதான். 1965இல் ஹாலந்து தொலைக்காட்சிக்காக எடுத்த படத்தைப் பாருங்கள். உடன் வாசிக்க வந்த பியானோக்காரர் பிம் யாகோப்ஸுக்கு ஒரு பாட்டின் கார்ட்களை அவர் எடுத்துச் சொல்கிறார். எந்தக் கார்ட் எங்கே போகிறது என்பது விரல்நுனியில் இருந்தது. காகிதத்தில்தான் இல்லை.

மற்றவர்களிடம் காகிதமும் இருந்தது. கார்ட்களில் மெட்டு வாசிப்பது கிட்டாருக்கு பாஞ்சோவிலிருந்து வந்து சேர்ந்த பழக்கம். டிக் மெக்டொனோவும் கார்ல் கிரெஸ்ஸும் 1930களில் பதிவு செய்த இரட்டைக் கிட்டார் இசையில் பாஞ்சோவின் வாடை நன்றாகவே அடிக்கும். பாஞ்சோ கலைஞர் ஒருவரின் மகனான ஜார்ஜ் வான் எப்ஸ் 1939லேயே கிட்டார் பாடநூல் எழுதினார். ஆறு தந்தி போதாமல் ஏழாவதாக ஒரு பாஸ் தந்தியைக் கட்டச் செய்து, தன் கிட்டாரை 'மடிப் பியானோ' என்று அழைத்தார். 1955இல் மிக்கி பேக்கரின் ஜாஸ் கிட்டார் கோர்ஸ் வந்தது. ஃப்ரெட் கட்டங்களில் புள்ளி வைத்த படங்களோடு இன்றும் விற்கிறது. (அதே பேக்கர்தான் 'லவ் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' என்ற பாப் பாட்டிலும் கிட்டார் வாசித்து ஹிட் கொடுத்தார். ஜாஸில் வயிறு நிரம்புவது எப்போதுமே கஷ்டம்.) இந்தப் புத்தகங்களில் கார்ட்டின் வடிவம் கிடைக்கும். அடுத்த ஸ்வரத்துக்கு மெட்டு தாவும்போது கை எங்கே போக வேண்டும் என்பதைப் படிப்பவனே கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த 'எங்கே' என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மேற்கத்திய இசையில் சி ஸிக்ஸ்த் என்னும் கார்ட் நம் கணக்கில் ஸ, க, ப, த. இந்த நாலையும் இதே வரிசையில் நெருக்கமாக, தைவதம் மேலே வரும்படி கிட்டாரின் மேல் நாலு தந்திகளில் பிடிக்கப் பாருங்கள். ஒரு விரல் 10ஆம் ஃப்ரெட்டிலும், அடுத்தவை 9, 8லும், கடைசி விரல் 5லும் நிற்க வேண்டும். சாதாரணக் கை விரியாது. இப்போது மேலிருந்து இரண்டாவதாக உள்ள பஞ்சமத்தை மட்டும் ஒரு ஸ்தாயி கீழே இறக்குங்கள்: ப, ஸ, க, த. நாலும் 5ஆம் ஃப்ரெட்டில் ஒரே கோட்டில் வந்துவிடும். ஒற்றை விரலைக் குறுக்கே படுக்க வைத்தால் போதும். பிக் பேண்டுகளில் சாக்ஸஃபோன் வரிசைக்கு எழுதியவர்கள் கையாண்ட உத்தி இது; பெயர் டிராப் டூ. இன்று யாரிடம் ஜாஸ் கிட்டார் கற்கப் போனாலும் முதலில் தலையில் கட்டுவது இதைத்தான். ஜானி ஸ்மித் மாதிரி, 1952இல் வந்த 'மூன்லைட் இன் வெர்மான்ட்' ரெக்கார்டில் அந்த நெருக்கமான கார்ட்களையே விரல் விரித்துப் பிடித்துக் காட்டியவர்கள் அபூர்வம்.

சரி, தைவதத்துக்கு ஒரு கார்ட் கிடைத்தது. மெட்டு ரிஷபத்துக்கோ நிஷாதத்துக்கோ போனால்? இந்தக் கேள்விக்கு நான் அறிந்தவற்றுள் அழகான விடை டெட்ராய்ட்டிலிருந்து வந்த பியானோ கலைஞர் பாரி ஹாரிஸுடையது. சங்கராபரணம் தெரிந்தவருக்கு இது நிமிடத்தில் விளங்கும். சங்கராபரண ஸ்வரங்களோடு சுத்த தைவதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஏழு எட்டாகும். இப்போது ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் ஸ, க, ப, சதுஸ்ருதி தைவதம் ஒரு கார்ட். மீதி ரி, ம, சுத்த தைவதம், நி இன்னொரு கார்ட், டிமினிஷ்ட் என்பார்கள். முதலாவது வீடு, இரண்டாவது வாசல்படி. மெட்டு எந்த ஸ்வரத்தில் நின்றாலும் இரண்டில் ஒன்று அதற்கு அடியில் பொருந்தும். வெஸ்ஸின் கார்ட் ஓட்டங்களில் பலவற்றை இந்தக் கணக்கால் விளக்கிவிடலாம். அவர் இந்தக் கணக்கைப் போட்டு வாசிக்கவில்லை, காதால் அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

ஹாரிஸின் பாடத்தைக் கேட்க ஒரு காலத்தில் நியூயார்க்கில் அவர் வகுப்புக்கே போக வேண்டும். 2021இல் அவர் மறைவதற்கு வெகு முன்பே அந்த வகுப்புகள் வீடியோவாக உலகம் சுற்றத் தொடங்கிவிட்டன. டெட் கிரீன் கதையும் இதேதான். 1971இல் 'கார்ட் கெமிஸ்ட்ரி' எழுதியவர், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வீட்டில் வைத்துப் பாடம் சொன்னவர். மாணவர்களுக்குக் கையாலேயே பாடத்தாள் எழுதுவார்: முதலில் ஒலிப்பதற்குப் புள்ளி, அடுத்ததற்குப் பெருக்கல் குறி, அதற்கடுத்ததற்குச் சின்னச் சதுரம். ஒரே கட்டத்துக்குள் கார்ட்டும் நிற்கும், அதன் மேல் மெட்டும் நகரும். 2005இல் அவர் இறந்த பிறகு நண்பர்களும் மாணவர்களும் அந்தத் தாள்களைச் சேர்த்து இணையத்தில் இலவசமாக வைத்துவிட்டார்கள். முன்பு அவரிடம் பாடம் கேட்டவர்களின் பைகளில் மட்டும் இருந்தவை அவை.

இன்றைய மாணவனுக்கு விரல் தெரிகிறது. யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கினாலும் சுருதி இறங்குவதில்லை. இரண்டு விநாடியை வெட்டிச் சுழல விடலாம். பாஸையும் டிரம்ஸையும் உருவி எடுத்துவிட்டுக் கிட்டாரைத் தனியே கேட்க மென்பொருள் இருக்கிறது. வெஸ்ஸின் கட்டைவிரல் கீழே அடிக்கிறதா மேலேயும் வருகிறதா என்று ரெக்கார்டை வைத்து மண்டையை உடைக்க வேண்டியதில்லை, அந்த 1965 படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஜாஸ் கிளப் எதுவும் இல்லாத ஊரில், வாத்தியாருக்குக் கொடுக்கக் காசில்லாத பையன் இதையெல்லாம் கற்கிறான். இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. இன்று மலிந்து கிடப்பது கார்ட் மெலடி: 'ஆட்டம் லீவ்ஸ்' மாதிரி ஒரு பாட்டை யாரோ அழகாகக் கார்ட்களில் அமைத்து, டேப் (எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்று எண்ணால் குறித்த தாள்) எழுதி விற்கிறார். விரலைப் பார்த்து விரல் வைத்தால் பாட்டு வந்துவிடும். அதே பையனிடம், 'அடுத்த சுற்று உன் கற்பனையில் வாசி' என்றால் கை நின்றுவிடுகிறது. நடு ஸ்வரம் இரண்டையும் ஊகித்து ஊகித்துத் தப்பாய்ப் பிடித்த பழைய ஆள், அந்தத் தப்புகளின் வழியாகவே எந்த மேல் ஸ்வரத்துக்கு எதெல்லாம் ஒத்துவரும், எதெல்லாம் வராது என்று பட்டியல் போட்டு வைத்திருந்தான். இவனிடம் சரியான விடை மட்டும் இருக்கிறது. நல்ல வாத்தியார்கள் இதற்கு மருந்து வைத்திருக்கிறார்கள்: முதலில் வாயால் ஒரு சின்ன வரி பாடு, அதை ஒற்றைத் தந்தியில் வாசி, பிறகு அடியில் கார்ட்டை வை. வேகம் வேண்டாம், எல்லா ஸ்வரத்துக்கும் கார்ட் வைக்கவும் வேண்டாம். இரண்டுக்கு ஒன்று போதும்.

கூட வாசிக்க ஆள் கிடைக்காத குறையை ஐரியல் புரோ போன்ற செயலிகள் பாதி தீர்த்துவிட்டன. பியானோ, பாஸ், டிரம்ஸ் எல்லாம் ஃபோனிலேயே. கிட்டார் கார்ட் சோலோவுக்கு ஏறும்போது பியானோக்காரர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரின் கார்ட்களும் முட்டிக்கொள்ளும். செயலியில் அதற்கு ஒரு பட்டனைக் கீழே இழுத்தால் தீர்ந்தது. டிரம்ஸ்தான் பிடிகொடுக்கவில்லை. இண்டியானாபொலிஸ் கிளப்புகளில் வெஸ் மூன்றாவது படிக்கு ஏறினால் பின்னால் இருந்த குழுவும் கூடவே ஏறும். பாஸில் பல நாள் அவர் அண்ணன் மங்க் இருப்பார். செயலியின் டிரம்மருக்கு முதல் சுற்றும் ஏழாவது சுற்றும் ஒன்றுதான். கூடவே ஏறும் குழு வேண்டுமானால் இன்னமும் ராத்திரியில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு எங்காவது ஜாம் செஷனுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.