சினிமாவுக்கும் வீடியோ கேமுக்கும் ஒரே டிவி: கடையில் எதைப் பார்க்க வேண்டும், வீட்டில் எதை மாற்ற வேண்டும்?

புது தில்லி: தலைநகரின் தெற்குப் பகுதியில், தில்லி ஹாட்டுக்கு எதிரே அமைந்துள்ள ஐ.என்.ஏ. மார்க்கெட் உணவுப் பொருள்களுக்குப் பெயர் பெற்ற சந்தை. மீன், இறால் முதல் கறிவேப்பிலை, முருங்கைக்காய் வரை ஒரே இடத்தில் கிடைப்பதால் தில்லிவாழ் தமிழ்க் குடும்பங்களுக்கும் பழக்கமான இடம். இங்கு மீன் வாங்க வருவோர் கடைக்கு மேலே தொங்கும் பளீர் விளக்கை நம்புவதில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கின்றனர். சதையை விரலால் அழுத்திப் பார்க்கின்றனர். அதன் பிறகே பேரம் தொடங்குகிறது.

அதே குடும்பம் அருகிலுள்ள லாஜ்பத் நகருக்கோ சவுத் எக்ஸ்டென்ஷனுக்கோ சென்று 50 ஆயிரம், 60 ஆயிரம் ரூபாய்க்குத் தொலைக்காட்சி வாங்கும்போது இந்த எச்சரிக்கை காணாமல் போய்விடுகிறது. சுவரில் வரிசையாக மின்னும் திரைகளில் எது அதிகம் பளபளக்கிறதோ அதுவே வீடு வந்து சேர்கிறது. சிக்கல் பிறகுதான் தெரியவருகிறது. பிள்ளைகள் கால்பந்து கேம் விளையாடும்போது பொத்தானை அழுத்திச் சற்றுத் தாமதித்தே பந்து நகர்கிறது. இரவில் படம் பார்க்கும் பெற்றோருக்கோ, திரையரங்கில் கண்ட அதே படம் சின்னத்திரைத் தொடர் போலக் காட்சியளிக்கிறது.

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில்தான் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்தது. அப்போட்டியின் தொடக்க விழா நடைபெற்ற ஜவாஹர்லால் நேரு மைதானம் ஐ.என்.ஏ.-விலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. அன்று வாங்குவோர் முன் இருந்த கேள்வி கருப்பு-வெள்ளையா, வண்ணமா என்பது மட்டுமே. இன்று அட்டைப்பெட்டியின் மீது அச்சிடப்பட்டுள்ள சொற்களுக்கு அகராதி தேவைப்படுகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகள் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய வரியுடன் 50 ஆயிரம் ரூபாய்க்கு விற்ற தொலைக்காட்சி, வரிக் குறைப்பு முழுமையாக வாங்குவோரைச் சேர்ந்தால் ஏறத்தாழ 46,100 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டும். மிச்சமாகும் ஏறத்தாழ 3,900 ரூபாயைக் கொண்டு இன்னும் பெரிய திரைக்குத் தாவுவதா, அல்லது அதே அளவில் தரமான திரையை வாங்குவதா என்பதே வாங்குவோர் முன் உள்ள முதல் முடிவு. திரைப்படமும் கேமும் முக்கியம் என்றால் இரண்டாவதே பலன் தரும்.

இரண்டுக்கும் நேரெதிர்த் தேவை

திரைப்படத்துக்குத் தேவை உண்மைத்தன்மை. இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் இறுதி செய்த நிறமும் ஒளியும் அசைவும் அப்படியே வர வேண்டும். காட்சி கால் விநாடி தாமதமாகத் திரையில் வந்தாலும், ஒலியும் உடன் தாமதித்தால் பார்ப்பவருக்குத் தெரியாது.

கேமுக்குத் தேவை வேகம். விநாடிக்கு 60 காட்சிச் சட்டகங்கள் ஓடும் கேமில் ஒரு சட்டகத்தின் ஆயுள் 16.7 மில்லி விநாடி மட்டுமே. தொலைக்காட்சி, படத்தை மெருகேற்றும் வேலைகளை எல்லாம் செய்து முடித்து வெளியிட 100 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், விளையாடுபவர் ஆறு சட்டகங்கள் பின்தங்கிவிடுகிறார். கோல்கீப்பர் பாய்வதற்குள் பந்து வலைக்குள் சென்றிருக்கும். இதைத் தவிர்க்கவே 'கேம் மோட்' உள்ளது. அது மெருகேற்றும் பணிகளைப் பெரும்பாலும் நிறுத்தித் தாமதத்தைப் பொதுவாக 20 மில்லி விநாடிக்குக் கீழ் கொண்டுவருகிறது.

ஆகவே, ஒரே அமைப்பில் இரண்டும் சிறப்பாக அமையாது. ஒரே திரையில் இரண்டு அமைப்புகளை வைத்துக்கொள்வதே வழி. அதற்கு இடம் தரும் திரையைக் கடையிலேயே இனங்காண வேண்டும்.

120 என்ற எண்ணின் பின்னால்

இரு தரப்புக்கும் ஒருசேர உதவும் ஓர் அம்சம் உண்டு: உண்மையான 120 ஹெர்ட்ஸ் திரை. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய இரண்டும் 4கே தெளிவில் விநாடிக்கு 120 சட்டகங்கள் வரை அனுப்பும் திறன் பெற்றவை. திரைப்படத்துக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்வி எழலாம். படங்கள் பெரும்பாலும் விநாடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகின்றன. 60-ஐ 24-ஆல் மீதியின்றி வகுக்க முடியாது. எனவே, 60 ஹெர்ட்ஸ் சமிக்ஞையில் ஒரு சட்டகம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படுகிறது. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் தெரியும் சிறு தடுமாற்றம் இதனால் வருவது. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு சட்டகமும் சரியாக ஐந்து முறை காட்டப்படுவதால் அசைவு சீராகிறது.

ஆனால், பெட்டியின் மீதுள்ள 120 என்ற எண்ணை அப்படியே ஏற்பதற்கில்லை. 'மோஷன் ரேட்' போன்ற பெயர்களில் அச்சிடப்படும் எண்கள் விளம்பரக் கணக்கு. திரையின் உண்மையான புதுப்பிப்பு வேகம் அதில் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கலாம். 'டி.எல்.ஜி.' என்று குறிப்பிடப்படும் மாடல்கள் அடிப்படையில் 60 ஹெர்ட்ஸ் திரைகள். அவை 120-ஐ எட்டும்போது செங்குத்துத் தெளிவில் பாதியை இழக்கின்றன. விற்பனையாளரின் வாய்ச்சொல்லைவிட, மாடல் எண்ணைக் கைப்பேசியில் தேடி நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் 'நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட்' என்ற வரியைப் பார்ப்பதே பாதுகாப்பானது. மீனின் செவுள் இதுதான்.

எல்லா வீட்டுக்கும் இது தேவையா என்றால், இல்லை. பிளேஸ்டேஷன் 4, முதல் தலைமுறை நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகியவை 60-க்கு மேல் செல்வதே இல்லை. பிளேஸ்டேஷன் 5-லும் பல கேம்கள் 30 அல்லது 60 சட்டகங்களிலேயே ஓடுகின்றன. பழைய கன்சோலை வைத்திருப்போர், புதிதாக வாங்கும் எண்ணமும் இல்லாவிட்டால், தரமான 60 ஹெர்ட்ஸ் திரையுடன் நிறுத்திக்கொள்ளலாம்.

'எச்.டி.எம்.ஐ. 2.1' என்ற முத்திரையிலும் இதே குழப்பம் உண்டு. பழைய 2.0 தரம் விநாடிக்கு 18 கிகாபிட் வரை கடத்தும். அது 4கே தெளிவில் 60 சட்டகங்களுக்குப் போதுமானது. 2.1 தரத்தின் உச்சவரம்பு 48 கிகாபிட். ஆனால், அந்தத் தரத்தின் புதிய வசதிகள் எதுவும் கட்டாயம் இல்லை என்பதால், 2.1 என எழுதப்பட்ட தொலைக்காட்சியில் 120 சட்டகங்கள் வராமலும் போகலாம். ஆகவே, முத்திரையை விட்டுவிட்டு வசதிகளைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 4கே தெளிவில் 120 ஹெர்ட்ஸ் ஏற்குமா? கேமின் வேகம் ஏறி இறங்கும்போது திரையும் உடன் மாறும் 'வி.ஆர்.ஆர்.' உண்டா? கன்சோலை இயக்கியதும் தானாகவே கேம் மோடுக்கு மாறும் 'ஏ.எல்.எல்.எம்.' உண்டா? இவை எத்தனை துளைகளில் கிடைக்கும்? நான்கு துளைகள் கொண்ட பல மாடல்களில் இரண்டில் மட்டுமே முழு வசதி உள்ளது.

கருப்பு எவ்வளவு கருப்பு?

ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும். இருட்டறையில் படம் பார்ப்போருக்கும் வேகமான கேம் ஆடுவோருக்கும் இதற்கு இணை இல்லை. இதன் குறை, விலையும் தடம் பதியும் அபாயமும். செய்தி அலைவரிசையின் பெயர்ச்சின்னம், கேமின் மூலையில் அசையாமல் நிற்கும் மதிப்பெண் பலகை போன்றவை நாள்தோறும் பல மணி நேரம் ஒரே இடத்தில் ஒளிர்ந்தால் காலப்போக்கில் திரையில் நிழலாகத் தங்கிவிடக்கூடும். காலை முதல் இரவு வரை செய்திகள் ஓடும் வீட்டுக்கு இது ஏற்றதன்று. 'கியூ.எல்.இ.டி.' என்பது பெயர் ஒலிப்பில் மட்டுமே இதற்கு நெருக்கமானது; அது பின்னொளியுடன் இயங்கும் எல்.சி.டி. வகைதான்.

எல்.சி.டி.-யிலும் இரு பிரிவுகள் உண்டு. வி.ஏ. திரையில் கருப்பு ஆழமாக இருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். திரை எந்தக் கோணத்திலும் நிறம் மாறாது. ஆனால் இரவுக் காட்சிகளில் கருப்பு சாம்பலாகத் தெரியும். நேர் எதிரே அமர்ந்து பார்ப்போருக்கு முந்தையதும், கூடம் முழுவதும் பரவி அமரும் குடும்பத்துக்குப் பிந்தையதும் பொருந்தும். பகுதி பகுதியாகப் பின்னொளியைக் குறைக்கும் மினி எல்.இ.டி. வகை, பகல் வெளிச்சம் மிகுந்த அறைகளுக்கு நல்ல இடைநிலைத் தேர்வு.

எச்.டி.ஆர். என்ற சொல் இன்று மலிவான தொலைக்காட்சியிலும் அச்சிடப்படுகிறது. அதன் பொருள் பெரும்பாலும், அத்தகைய சமிக்ஞையை ஏற்கும் என்பது மட்டுமே. எச்.டி.ஆர். படங்கள் பொதுவாக 1,000 நிட் ஒளி அளவை மனதில் கொண்டு தயாரிக்கப்படுகின்றன. 300 நிட் தரும் திரையில் அந்தப் பிரகாசம் வராது. சில நேரம் படம் சாதாரண வடிவத்தைவிட மங்கலாகவே தெரியும்.

அளவைப் பொறுத்தவரை, திரையின் மூலைவிட்ட நீளத்தை 1.6-ஆல் பெருக்கினால் வசதியான பார்வைத் தூரம் கிடைக்கும். 55 அங்குலத்துக்கு ஏறத்தாழ ஏழேகால் அடி. 65 அங்குலத்துக்கு எட்டரை அடிக்குச் சற்று மேல். கடைக்குப் புறப்படும் முன் சோபாவுக்கும் சுவருக்கும் இடையே அளவுநாடா பிடிப்பது ஐந்து நிமிட வேலை.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதன்முறை இயக்கும்போது, பயன்பாடு வீட்டிலா கடையிலா எனத் தொலைக்காட்சி கேட்பது உண்டு. அவசரத்தில் கடை என அழுத்திவிட்டால், காட்சிக்கூடத்தின் அதே கூசும் வெளிச்சம் வீட்டிலும் தொடரும்.

படம் பார்க்க 'சினிமா', 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' மோடைத் தேர்வு செய்ய வேண்டும். கடைசியாகக் கூறப்பட்டது யு.எச்.டி. அலையன்ஸ் என்ற தொழில்துறை அமைப்பு 2019-இல் அறிவித்தது. மார்ட்டின் ஸ்கோர்செசி, கிறிஸ்டோபர் நோலன் உள்ளிட்ட இயக்குநர்கள் ஆதரவு தெரிவித்தனர். முதல் இரண்டு நாள்கள் படம் மஞ்சளாகத் தோன்றும். கடையின் நீல வெளிச்சத்துக்குப் பழகிய கண் மெல்ல மாறிக்கொள்ளும். அதற்குள் பழைய மோடுக்குத் திரும்பிவிடுவோரே அதிகம்.

சின்னத்திரைத் தொடர் போன்ற தோற்றத்துக்குக் காரணம், சட்டகங்களுக்கு இடையே இல்லாத சட்டகங்களைத் தொலைக்காட்சியே உருவாக்கி நுழைப்பது. 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிடுமாறு காணொலி வெளியிட்டு வேண்டுகோள் விடுத்தனர். சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி', எல்.ஜி.-யில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என இதற்கு நிறுவனத்துக்கு ஒரு பெயர் உண்டு. படத்துக்கு அணைத்துவிடலாம். கிரிக்கெட்டுக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. 'ஷார்ப்னெஸ்' அளவையும் வெகுவாகக் குறைக்கலாம். அது புதிய விவரம் எதையும் சேர்ப்பதில்லை, விளிம்புகளில் வெள்ளைக் கோடு போடுகிறது.

கன்சோல் இணைத்த துளைக்குத் தனி அமைப்பு வேண்டும். பல தொலைக்காட்சிகளில் முழு வேகம் இயல்பாகத் திறந்திருக்காது. சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்', சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்.ஜி.-யில் 'எச்.டி.எம்.ஐ. டீப் கலர்' என்ற தெரிவை அந்தத் துளைக்கு மட்டும் இயக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் 60 சட்டகங்களிலேயே விளையாடிக்கொண்டிருப்பதும் நடக்கக்கூடியதே. பிளேஸ்டேஷன் 5-இன் அமைப்புகளில் 'வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்' பக்கம், திரை எதையெல்லாம் ஏற்கிறது என்பதைக் காட்டிவிடும். பிறகு கன்சோலின் எச்.டி.ஆர். சரிசெய்யும் திரையில் சின்னம் கண்ணுக்கு மறையும் புள்ளி வரை ஒளியை நகர்த்தினால் இருட்டிலுள்ள எதிரியும் தெரிவான், வானத்து மேகமும் வெளுக்காது. கேபிள், 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' சான்று லேபிள் கொண்டதாக இருக்க வேண்டும்.

ஒலிக்கு சவுண்ட்பார் வைத்திருப்போர் கன்சோலை அதன் வழியாக இணைத்தால், 120 ஹெர்ட்ஸைக் கடத்தாத சவுண்ட்பார் படத்தின் வேகத்தையும் முடக்கிவிடும். கன்சோலை நேரடியாகத் தொலைக்காட்சியிலும், சவுண்ட்பாரை 'இ.ஏ.ஆர்.சி.' துளையிலும் இணைப்பதே சரி. முழு வேகம் கொண்ட இரண்டு துளைகளில் ஒன்றே இ.ஏ.ஆர்.சி. துளையாகவும் அமைந்த மாடல்களில், சவுண்ட்பார் போக ஒரு கன்சோலுக்கு மட்டுமே இடம் மிஞ்சும். இரண்டு கன்சோல் உள்ள வீட்டினர் பணம் செலுத்தும் முன் இதை உறுதி செய்துகொள்வது அவசியம்.