குடலுக்குள் ஒரு விளைநிலம்

கேழ்வரகு இருந்த இடத்துக்கு ரேஷன் அரிசி வந்தது. அட்டப்பாடியிலும் இடுக்கி மலைகளிலும் மாறியது தட்டு மட்டும்தானா?

கோவையிலிருந்து ஆனைகட்டி சோதனைச் சாவடியைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு சாவடியைத் தாண்டினால் இடுக்கி மாவட்டத்தின் மறையூர். இரண்டு பக்கமும் கடைப் பலகைகளில் மலையாளம். காதில் விழுவதோ பெரும்பாலும் தமிழ். சாப்பாட்டு விஷயத்தில் இந்த எல்லைப் பகுதிக்கு ஈடு சொல்வது கடினம். பாலக்காட்டு அக்ரகாரத்தில் சைவச் சமையல். அடுத்த தெருவில் மட்டை அரிசிச் சோறும் மீன் குழம்பும். மூணாறு தேயிலைத் தோட்ட லயங்களில் தமிழ்த் தொழிலாளர்களின் அரிசியும் சாம்பாரும். மலை மேலே இருளர், முடுகர், குறும்பர், முதுவர் குடிகளில் மிச்சமிருக்கும் கேழ்வரகுக் களியும் காட்டுக் கீரையும்.

ஒரு பஸ் பயணத்துக்குள் அடங்கிவிடும் இத்தனை சாப்பாட்டு வகைகளும் மனிதக் குடலில் ஒரே மாதிரியான விளைச்சலைத் தருவதில்லை. அங்கே விளைவது நெல்லும் அல்ல, ராகியும் அல்ல. பாக்டீரியா.

ஒரு சராசரி மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் இஸ்ரேலிய விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். உடலின் சொந்த செல்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதேதான். இவற்றில் மிகப் பெரும்பாலானவை குடியிருப்பது பெருங்குடலில். சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வரும் நார்ச்சத்துதான் இவற்றுக்குத் தீனி. அதைப் புளிக்கவைத்து சில கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. அவற்றில் ஒன்றான பியூட்ரேட்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள். நாம் சாப்பிடுவதில் மிச்சத்தைத் தின்று நமக்கே கூலி கொடுக்கும் குத்தகைக்காரர்கள் இவர்கள்.

போபாலும் கேரளமும்

ஆளுக்கு ஆள் இந்தக் குத்தகைக்காரர்கள் வேறுபடுகிறார்கள் என்பது டி.என்.ஏ.வைப் படிக்கும் கருவிகள் வந்த பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. 2011-ல் ஐரோப்பிய ஆய்வுக் குழு ஒன்று, மனிதக் குடல்களை மூன்று பெரிய வகைகளாகப் பிரிக்கலாம் என்று நேச்சர் இதழில் எழுதியது. கட்டுரையாசிரியர் பட்டியலில் முதலில் இருந்தது ஒரு தமிழ்ப் பெயர்: மணிமொழியன் ஆறுமுகம். பாக்டீராய்டிஸ் மிகுந்த குடல், பிரிவோடெல்லா மிகுந்த குடல், ரூமினோகாக்கஸ் மிகுந்த குடல் என்பவையே அந்த மூன்று. இந்த எல்லைகள் அவ்வளவு கறாரானவை அல்ல என்று பின்னால் மற்றவர்கள் வாதிட்டார்கள். ஆனால் அதே 2011-ல் அமெரிக்கக் குழு ஒன்று இதைச் சாப்பாட்டோடு முடிச்சுப் போட்டது. இறைச்சிப் புரதமும் கொழுப்பும் நீண்ட காலமாகச் சாப்பிடுகிறவர்களிடம் பாக்டீராய்டிஸ். தானிய உணவுக்காரர்களிடம் பிரிவோடெல்லா.

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் சோதித்தது போபாலில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். வினீத் சர்மாவின் குழு எடுத்துக்கொண்ட இரண்டு இடங்களில் ஒன்று போபால், மற்றது கேரளம். ஆரோக்கியமான 110 பேரின் மாதிரிகளை ஆராய்ந்து 2019-ல் முடிவுகளை வெளியிட்டது. பெரும்பாலும் சைவம் சாப்பிடும் போபால் பக்கத்தில் பிரிவோடெல்லாவின் ஆதிக்கம். சோறு, மீன், இறைச்சி எல்லாம் சாப்பிடும் கேரளத்தில் பாக்டீராய்டிஸ், ரூமினோகாக்கஸ், ஃபேக்கலிபாக்டீரியம் ஆகியவை முன்வரிசையில். ஒரே நாடு, இரண்டு குடல்கள்.

பழங்குடியினர் பக்கம் திரும்பியது குவாஹாட்டியில் உள்ள ஆய்வு நிறுவனம் ஒன்று. அசாம், மணிப்பூர், சிக்கிம், தெலங்கானா ஆகிய நான்கு பகுதிகளில் 15 பழங்குடிகளைச் சேர்ந்த 193 பேரின் குடல் பாக்டீரியாவை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டது. மொழியும் இனமும் மலையும் வேறு வேறாக இருந்தும் அவர்களிடம் மேலோங்கி இருந்தது பிரிவோடெல்லாதான்.

வேலூர் சொன்ன பாடம்

தென்னிந்தியக் குடலைப் பற்றி உலகத்துக்கு முதலில் பாடம் எடுத்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. டி.என்.ஏ. கருவிகள் இல்லாத காலத்திலேயே அங்கு செல்வின் பேக்கர், வி.ஐ. மத்தான் ஆகியோர் தென்னிந்திய கிராமவாசிகளின் சிறுகுடலை ஆராய்ந்தார்கள். இறைச்சி, பால், முட்டை போன்ற விலங்கு உணவில் மட்டுமே கிடைக்கும் என்று கருதப்படும் பி12 வைட்டமினை, ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் தயாரிக்க முடியும் என்று 1980-ல் நேச்சர் இதழில் அறிவித்தார்கள்.

அதே கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு காலரா நோயாளிகள் 48 பேரிடம் ஒரு சோதனை நடத்தியது. வழக்கமான உப்பு சர்க்கரைக் கரைசலில், எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்து சேர்க்கப்பட்டது. செரிக்காததைச் சேர்ப்பானேன்? பெருங்குடல் பாக்டீரியாவுக்காகத்தான். அவை அதைக் கொழுப்பு அமிலமாக மாற்ற, பெருங்குடல் உப்பையும் நீரையும் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். எதிர்பார்த்தது நடந்தது: பேதியின் அளவும் நாட்களும் குறைந்தன. 2000-ல் இந்த முடிவு அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியானது. சோறு ஆறும்போது இதே வகை மாவுச்சத்து கொஞ்சம் கூடுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் பழைய சோற்றைக் குடல் அழற்சிக்கான ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டது வேடிக்கைக்கு அல்ல.

மலையில் மாறிய தட்டு

அட்டப்பாடியில் ராகி, சாமை, தினை, துவரை, அவரை எல்லாம் ஒரே கொல்லையில் கலந்து விதைக்கப்பட்டவை. 1951 கணக்கெடுப்பின்போது அங்கு பத்தில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். கேரளச் சமவெளியிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் குடியேறியவர்கள் பெருக, 2011-ல் அவர்கள் பாதிக்கும் குறைவு. நிலம் கைமாறியது, காடு சட்டத்துக்குள் போனது, மாற்றுக்காட்டு விவசாயம் சுருங்கியது. களிக்குப் பதில் ரேஷன் அரிசி வந்தது. 2013-ல் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்து அட்டப்பாடி நாடெங்கும் செய்தியானபோது, தாய்மார்களின் ரத்தசோகையும் சத்துக் குறைவும் விவாதத்துக்கு வந்தன. ஊர்தோறும் சமூகச் சமையலறைகள் திறக்கப்பட்டன.

தட்டில் என்ன குறைந்தது என்பதை ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை சொல்லும். 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து 11 கிராமுக்கு மேல்; தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூட இல்லை. கால்சியம் கேழ்வரகில் 364 மில்லிகிராம். அரிசியில் 8 மில்லிகிராமுக்கும் குறைவு. தோலோடு உள்ள முழுத் துவரையில் நார்ச்சத்து 22 கிராமைத் தாண்டுகிறது. வயிறு நிறைவது அரிசியிலும்தான். ஆனால் பெருங்குடல்வரை போய்ச் சேரும் தீனி மிகவும் குறைந்துவிடும்.

தீனி குறைந்தால் என்ன ஆகும்? 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்கக் கறுப்பினத்தவர் 20 பேரும் தென் ஆப்பிரிக்க கிராமவாசிகள் 20 பேரும் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். நார்ச்சத்து மிகுந்த கிராமத்து உணவைச் சாப்பிட்ட அமெரிக்கர்களிடம் பியூட்ரேட் உற்பத்தி உயர்ந்தது. கொழுப்பு மிகுந்த அமெரிக்க உணவுக்குப் போன ஆப்பிரிக்கர்களிடம் சரிந்தது. பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைக் காட்டும் அறிகுறிகளும் அதற்கேற்ப மாறின. எல்லாம் பதினான்கே நாட்களில்.

தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக்குக் குடியேறிய மாங், கரென் இனப் பெண்களிடம் 2018-ல் வெளியான ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. குடியேறிய சில மாதங்களிலேயே அவர்களது பிரிவோடெல்லா குறைந்து பாக்டீராய்டிஸ் பெருகத் தொடங்கியது. தங்கிய ஆண்டுகள் கூடக் கூட பாக்டீரியாவின் வகைகளும் குறைந்தன. அவர்கள் போன பாதையில் அட்டப்பாடிக்காரர்கள் எங்கும் போகவில்லை. இருந்த இடத்திலேயே சாப்பாடுதான் குடிபெயர்ந்து வந்தது.

பாட்டி சாப்பிட்டதைப் பேரன் சாப்பிட்டால் எல்லாம் திரும்பிவிடுமா? 2016-ல் அமெரிக்காவில் எலிகளிடம் நடந்த சோதனை கொஞ்சம் கவலை தருகிறது. நார்ச்சத்தை நிறுத்தினால் சில வகை பாக்டீரியாக்கள் மங்கும். அந்தத் தலைமுறையிலேயே தீனியைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் மீளும். நான்கு தலைமுறை நார்ச்சத்தே இல்லாமல் போனபின் தீனி மட்டும் கொடுத்துப் பயனில்லை. போனவை போனவைதான். எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய எச்சரிக்கையும் அல்ல.

நல்லது, கெட்டது

இத்தனையும் கேட்டு பிரிவோடெல்லா நல்லது, பாக்டீராய்டிஸ் கெட்டது என்று முத்திரை குத்தினால் அதுவும் தவறு. போபால் குழுவே அந்தக் கதைக்கு எதிர்ச்சாட்சி. பிரிவோடெல்லா மிகுந்த போபால்காரர்களிடம் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் திறன் கூடுதலாக இருந்தது. ரத்தத்தில் இந்த அமிலங்கள் மிகுவதற்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதற்கும் தொடர்பு உண்டு என்று 2016-ல் டென்மார்க்கில் நடந்த ஆய்வு காட்டியது. நீரிழிவு பெருத்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

சாப்பாடு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதும் இல்லை. வயது, மருந்துகள், முக்கியமாக ஆன்டிபயாடிக், குடிநீர், மலம் கழியும் வேகம் எல்லாம் சேர்ந்து விளையாடுகின்றன. பெல்ஜியத்தில் ஆயிரம் பேருக்கு மேல் ஆராய்ந்த குழு 2016-ல் தந்த கணக்கின்படி, அவர்கள் அளந்த அத்தனை காரணங்களும் சேர்ந்து ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட விளக்கவில்லை. ஒரே வீட்டில் ஒரே சட்டியில் உண்பவர்களுக்கும் குடல் ஒன்றுபோல் இராது. இந்த நிலையில், மலத்தைச் சோதித்து உணவுப் பட்டியல் தரும் வியாபாரத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பதே பர்ஸுக்கு நல்லது.

மலையில் இப்போது திரும்பிப் பார்க்கிறார்கள். 2017-ல் கேரள அரசு அட்டப்பாடியில் சிறுதானிய கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. 2022-ல் அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. இடுக்கியில், சின்னாறு சரணாலயத்துக்குள் உள்ள தாயண்ணன்குடியில் முதுவர்கள் பழைய கேழ்வரகு ரகங்களை மீண்டும் விதைத்திருக்கிறார்கள்.

களி திரும்பினால் மட்டும் அட்டப்பாடியின் குறைகள் தீராது. நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும், காட்டுப்பன்றியும் யானையும் விட்டுவைக்கும் விளைச்சல் வேண்டும். அரிவாள் செல் ரத்தசோகைக்கு மருந்தும் டாக்டரும் வேண்டும். ஆனால் ஒரு கணக்கு நேராகவே இருக்கிறது. ரேஷன் கடையில் அரிசிக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை ராகியையும் துவரையையும் வைக்க ஆய்வகம் தேவையில்லை. மூன்று கிராம் நார்ச்சத்துக்கும் பதினோரு கிராமுக்கும் உள்ள வித்தியாசம் குடலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ரேஷன் பட்டியல் போடுகிறவர்களுக்கும் தெரிந்தால் சரி.