இறாலின் காவலும் நம் காவலும்

'நோய் எதிர்ப்பாற்றல்' என்னும் தொடர் முன்னர் மருத்துவ நூல்களிலும் வகுப்பறைகளிலுமே பெரிதும் வழங்கி வந்தது. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையினின்று ஊர் திரும்பிய தொழிலாளர் பலரிடத்துக் கொரோனா நோய் காணப்பட்டு, நம் கடலூர் மாவட்டம் கலங்கி நின்ற நாள் தொட்டு அத்தொடர் தெருத்தோறும் கேட்கலாயிற்று. அரசினர் கபசுரக் குடிநீர் வழங்கினர். மருந்துக் கடைகளிலோ குப்பிகளும் மாத்திரைகளும் மலிந்தன. அவற்றுட் சிலவற்றின் மேல் பொறிக்கப்பட்டிருப்பது பீட்டா குளூக்கான் என்னும் பெயர். நம்மவர் பலர்க்கு அது புதுப் பெயராயினும், இறால் வளர்ப்புத் தொழிலில் அது பழகிய பெயரே; இறாலின் தீனியோடு அதனைக் கலந்திடுவதுண்டு. இறாலுக்கு உதவுவது மனிதனுக்கும் அவ்வாறே உதவுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

முதற்கண் அப்பொருள் யாதெனக் காண்போம். அரிசியிலுள்ள மாவுப் பொருளும் பீட்டா குளூக்கானும் குளூக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையைக் கண்ணிகளாகக் கொண்ட சங்கிலிகளே. கண்ணியைக் கண்ணியோடு பிணைக்கும் முறையே வேறு. மாவின் பிணைப்பை நம் உடலிலுள்ள நொதிகள் அவிழ்க்க வல்லன. பீட்டாப் பிணைப்பை அவிழ்க்கும் நொதி நம்மிடம் இல்லை. இனி, பீட்டா குளூக்கானிலும் வகைகள் உண்டு. ஓட்ஸ், வாற்கோதுமை ஆகிய தானியங்களில் உள்ளது ஒரு வகை. அது நீரிற் கரைந்து கூழ்போற் குழைந்து, குடலிலுள்ள பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு வெளியேறும். இழந்தவற்றை மீளவும் ஆக்கக் கல்லீரல் கொலஸ்டிராலைச் செலவிடுவதால், இரத்தத்தில் அதன் அளவு குறைகின்றது. கொழுப்புக் குறைந்த உணவோடு நாளொன்றுக்கு 3 கிராம் உண்பது இதய நோய் நேரும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்று ஓட்ஸ் பொட்டலங்களின் மேல் அச்சிட, அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தார் 1997-இல் இசைவளித்தனர். ஈஸ்ட், காளான் முதலிய பூஞ்சை இனங்களின் உயிரணுச் சுவரில் உள்ளது மற்றொரு வகை. எதிர்ப்பாற்றலைப் பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் இதனைச் சார்ந்தது. பெயர் ஒன்றாயிருத்தலின், ஒன்றற்குக் கிடைத்த நற்பெயரை மற்றொன்றும் எளிதிற் பெற்றுக்கொள்கின்றது!

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாறு கடலொடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரின் கடல் உயிரியல் உயராய்வு மையம் உளது. அக்கழிமுகத்தை அடுத்த உவர் நிலங்களில் இறாற் குட்டைகளைக் காணலாம். 1990-களின் நடுவில் வெண்புள்ளி நோய் என்னும் வைரஸ் நோய் இந்தியக் கரைகளிற் புகுந்தது. அது பற்றிய குட்டை சின்னாளில் வெறுங்குட்டையாகும். கடன் வாங்கிக் குஞ்சு விட்டவன் கையிற் கடனே எஞ்சும். நம் குருதியில் தோன்றும் எதிர்ப்புப் புரதங்கள் இறாலிடத்து இல்லையாதலின், நமக்கு இடுவது போன்ற தடுப்பூசி அதற்குப் பயன்படாது. அதற்குள்ளது பிறவியிலேயே அமைந்த பொதுக் காவல். பூஞ்சையின் சுவர்த்துண்டு ஒன்று உட்புகுந்தால், குருதியிலுள்ள ஒரு புரதம் அதன் பீட்டா குளூக்கானைப் பற்றிக்கொள்ளும். உடனே குருதியணுக்கள் கிளர்ந்தெழ, நொதிகள் ஒன்றையொன்று எழுப்ப, முடிவில் மெலனின் என்னும் கருநிறப் பொருள் தோன்றிப் பகையைச் சூழ்ந்து அடைக்கும். ஆகவே ஈஸ்டின் பீட்டா குளூக்கானைத் தீனியிற் கலப்பது, கள்வன் வருமுன்னரே பறையறைந்து ஊர்க்காவலரை எழுப்பி வைப்பதை ஒக்கும். இவ்வாறு தீனியிட்ட இறால்கள் நோய்க்குத் தப்பி மிகுதியாகப் பிழைத்தமையை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. ஆயினும் ஓயாது பறையறைந்தால் காவலர் களைப்பரன்றோ? நெடுநாள் இடைவிடாது இட்டவழிப் பயன் குன்றுதலையும் ஆய்வாளர் கண்டனர். 2009-இல் வன்னாமி இறாலை வளர்க்க இந்திய அரசினர் இசைந்தபின் இத்தொழில் தலையெடுத்ததற்கு, குறித்த நோய்கள் இல்லாத தாய் இறாலின் குஞ்சுகளே பெருங் காரணமாயின. தீனியிற் சேர்த்த பொடிக்கு அப்புகழைத் தருதற்கில்லை.

நம் உடலிலும் அத்தகைய பொதுக் காவல் உண்டு. வெள்ளணுக்களின் மேலுள்ள டெக்டின்-1 என்னும் ஏற்பி பீட்டா குளூக்கானை அறிந்துகொள்கின்றது என்பதைக் கார்டன் பிரௌன், சையமன் கார்டன் என்னும் இருவர் 2001-இல் வெளியிட்டனர். பொதுக் காவலும் பயிற்சி பெறக்கூடும் என்னும் கருத்தை, ஹாலந்தில் ஆராயும் மிஹாய் நெட்டியாவும் துணைவரும் 2011-இல் முன்வைத்தனர். பீட்டா குளூக்கான் பட்ட அணுக்கள், பின்னர் வேறு கிருமிகளைக் கண்டபோதும் விரைந்து எழுந்தன. வியத்தகு செய்தியே! ஆயின் ஆய்வுக்கூடத்தில் அணுவின் மேல் நேரே இடுவதும், வாயால் விழுங்கிக் குடல்வழிச் செலுத்துவதும் ஒன்றாகா. மனிதரிடத்துச் செய்த சோதனைகளுட் பல சிறியன. அப்பொருளை விற்பாரே பொருளுதவி செய்தனவும் அவற்றுள் உண்டு. சளித் தொல்லை சற்றே குறைந்தது என்பன சில. வேறுபாடு இல்லை என்பன சில. ஈஸ்ட் பீட்டா குளூக்கான் ஒன்றனைப் பற்றிய விண்ணப்பத்தை 2013-இல் ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தார், அது சுவாச வழியின் காவலைப் பேணும் என்பதற்குக் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றே முடிவு கூறினர்.

கடலூர்த் துறைமுகத்தில் நாட்கூலி பெறும் ஒருவன், தன் முதிய தாய்க்கென மாதந்தோறும் ஒரு குப்பி வாங்குவானாயின், அவ்வீட்டில் குறைவது முட்டையும் பருப்புமாகவே இருக்கும். எதிர்ப்பாற்றலுக்கு அவை வேண்டுமென்பதில் யாருக்கும் ஐயமில்லை. மாற்றுச் சிறுநீரகம் பெற்று, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாது இத்தகைய பொடிகளைத் தொடுதல் ஆகாது.

பூஞ்சையின் பீட்டா குளூக்கானை உண்ணவே விழைவார்க்கு நம் ஊரில் வேறொரு வழியும் உண்டு. வீராணப் பாசனத்து வயல்களில் அறுவடைக்குப்பின் வைக்கோலுக்குக் குறைவில்லை. அதனை நறுக்கி ஊறவைத்து, வெந்நீரில் அவித்து, ஈரம் வடித்துப் பைகளில் அடைத்து வித்திட்டால், ஏறக்குறைய மூன்று வாரங்களில் சிப்பிக்காளான் முளைவிடும். நம் கோடைக்கு ஏற்றது பால்காளான், அதில் ஏ.பி.கே.-2 என்னும் வகையைக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் 1998-இல் வெளியிட்டனர். காளான் உண்டார்க்குக் காய்ச்சல் வாராது என்று யாம் கூறமாட்டோம். புரதமும் நாரும் கிடைக்கும், குழம்பும் சுவைக்கும், எஞ்சிய வைக்கோல் தோட்டத்திற்கு எருவாகும்.