உங்களுக்குத் தெரியுமா? தவிப்பும் போதையும்

ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கி 1940-இல் தாக்கப்பட்ட மெக்சிகோ நகர வீட்டில் வளர்ந்தவர் அவருடைய கொள்ளுப்பேத்தி நோரா வோல்கோவ். இன்று போதை அடிமைத்தன ஆய்வில் உலகறிந்த பெயர்.

கொகைன் பழக்கத்தில் சிக்கியவர்களின் மூளையை இவர் பெட் ஸ்கேனில் பார்த்தார். மகிழ்ச்சியோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் 'டி2' ஏற்பிகள் அவர்களிடம் குறைந்திருந்தன. போதையை நிறுத்தி மாதங்கள் கழிந்தும் அந்தக் குறை நீடித்தது. முடிவெடுக்கவும் ஆசையை அடக்கவும் உதவும் மூளையின் முன்மடல் பகுதிகளும் மந்தமாகக் கிடந்தன. இப்படிப்பட்டவரைப் பார்த்து, "மனசு வைத்தால் விடலாமே" என்று ஏசுவது எத்தனை அநியாயம்!

மனஅழுத்தத்துக்கும் போதை அடிமைத்தனத்தில் பெரிய பங்குண்டு. ஜார்ஜ் கூப் என்ற விஞ்ஞானி எலிகளை வைத்து அதைக் காட்டினார். மதுவுக்கு அடிமையான எலிக்கு அது கிடைக்காதபோது, மூளையின் அமிக்டலாவில் 'சி.ஆர்.எஃப்.' என்ற அழுத்த வேதிப்பொருள் பெருகித் தவிப்பை உண்டாக்குகிறது. முதலில் இன்பத்துக்காகக் குடித்தவர் பிறகு அந்தத் தவிப்பு அடங்குவதற்காகவே குடிக்கிறார் என்பது கூப்பின் விளக்கம். சி.ஆர்.எஃப்.பின் வேலையை மருந்தால் தடுத்தபோது அடிமைப்பட்ட எலிகள் குடிப்பதைக் குறைத்துக்கொண்டன. மனிதர்களிடம் சோதித்த அதே வகை மருந்துகளோ குடிக்கும் ஏக்கத்தைத் தணிக்கவில்லை.