கணிப்பொறி அனுப்பும் குறுஞ்செய்தி

1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்னும் 22 வயதுப் பொறியாளர் உலகின் முதல் குறுஞ்செய்தியை அனுப்பினார். அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. அதை அவர் கைபேசியில் எழுதவில்லை. கணிப்பொறியின் விசைப்பலகையில் தட்டினார். வாழ்த்தைப் பெற்ற ரிச்சர்ட் ஜார்விசால் பதில் அனுப்பவும் இயலவில்லை. அவர் கையிலிருந்த கருவிக்குப் படிக்கத் தெரியுமே தவிர எழுதத் தெரியாது! ஆக, குறுஞ்செய்தி பிறந்ததே கணிப்பொறியில்தான். இன்றும் அது அங்கிருந்து புறப்பட்டு மனிதரை எழுப்பும் விதத்தைக் காண்போம்.

வங்கி, மருத்துவமனை, ரயில் முன்பதிவு ஆகியவற்றின் கணக்குகளைத் தாங்கி இரவும் பகலும் உழைக்கும் கணிப்பொறியைச் சர்வர் என்கிறோம். நள்ளிரவில் அது நின்றுபோனால் யார் சொல்வது? அதற்கென வேறொரு கணிப்பொறியில் சில வரிக் கட்டளைகளை எழுதி வைக்கிறார்கள். 'கிரான்' என்னும் ஏவலாள் ஐந்து நிமிடத்திற்கொரு முறை அவற்றை இயக்க, அவை சர்வரை "இருக்கிறாயா?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் சேதி பறக்கும்.

சேதி செல்ல இரு வழிகள் உண்டு. 'கர்ல்' என்னும் கட்டளையால், இணையத்தின் மூலம் ஒரு குறுஞ்செய்தி நிறுவனத்திடம் எண்ணையும் வாசகத்தையும் ஒப்படைப்பது எளிது. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் அறுந்தது இணைய இணைப்பே என்றால்? பாலம் இடிந்த சேதியைச் சொல்ல அந்தப் பாலத்தின் மேலேயே ஆள் அனுப்புவது போலாகும்.

ஆகவே சிம் அட்டை பொருத்திய சிறு மோடம் ஒன்றைக் கணிப்பொறியில் செருகி வைப்பதே நலம் என்போம். அதனுடன் பேசும் மொழி வேடிக்கையானது. ஒவ்வொரு கட்டளையும் 'ஏ.டி.' என்று தொடங்கும். 'கவனி' என்று பொருள். "கவனி, எழுத்தாக அனுப்பப் போகிறேன்" என்பது முதற் கட்டளை. "கவனி, இன்ன எண்ணுக்கு" என்பது அடுத்தது. வாசகத்தை எழுதி, கன்ட்ரோல் விசையோடு இசட் விசையையும் அழுத்தினால் சேதி புறப்பட்டுவிடும். இணையம் வேண்டியதில்லை, டவர் கிடைத்தால் போதும்.

வாசகம் சுருக்கமாயிருக்க வேண்டும். ஆங்கிலமானால் ஒரு சேதிக்கு 160 இடம், தமிழானால் 70தான். அதிலும் புள்ளிக்கும் துணைக்குறிக்கும் தனித்தனி இடம். நாம் ஐந்தெழுத்தாக எண்ணும் 'வணக்கம்' அங்கே ஏழு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்!

எங்களுள் ஒருத்தியின் தந்தையார் இத்தகைய பணியில் இருப்பவர். தொடக்கத்தில் ஒவ்வொரு சிறு தடங்கலுக்கும் சேதி வந்து, ஓரிரவில் கைபேசி ஓயாமல் ஒலித்ததாம். சலித்துப்போய் அதன் வாயை அடைத்துவிட்டுத் தூங்கினார். அன்றுதான் சர்வர் உண்மையாகவே நின்றது. அதன்பின், மும்முறை தொடர்ந்து பதில் வராவிட்டால் மட்டும் ஒரு சேதி, சீரானதும் ஒரு சேதி என்று கட்டளையை மாற்றினார்.

அப்படியும் ஒரு கவலை மிஞ்சியது. சேதியே வராத இரவில் எல்லாம் நலமா, அல்லது காவற்காரனே மயங்கிக் கிடக்கிறானா? அதற்காகத் தினமும் காலை ஆறு மணிக்கு 'நலம்' என்று ஒரு சேதி வரும்படி செய்திருக்கிறார். அது வராத நாளில் அவர் காப்பிக்குக்கூடக் காத்திருப்பதில்லை. செருப்பைத் தேடத் தொடங்கிவிடுகிறார்.