பொம்மை ரயிலின் மலைக்குப் பின்னால் தண்ணீர் வால்வு

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, கேம்ஸும் ஆடியாயிற்று, வேறு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் புரோகிராம்களில் ஒன்று எக்ஸ்டிராக்கேட். மாடல் ரயில் பாதைகளை வரைய உதவும் இலவச புரோகிராம் இது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். வரைந்த பாதையில் திரையிலேயே ரயிலை ஓட்டியும் பார்க்கலாம்.

அமெரிக்காவில் பலர் வீட்டுக்கு அடியில் உள்ள பேஸ்மென்ட் அறையில் இந்த ரயில்களை அமைக்கிறார்கள். எச்.ஓ. என்ற அளவு அங்கே மிகவும் பிரபலம். நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். சுற்றிலும் மலை, ஆறு, ஊர் எல்லாம் செய்து வைப்பார்கள். சிக்கல் என்னவென்றால், வீட்டின் மெயின் தண்ணீர் வால்வு, கழிவுநீர்க் குழாயில் அடைப்பு எடுக்கும் மூடி, மின் இணைப்புப் பெட்டிகள் ஆகியவையும் பெரும்பாலும் அதே அறையில்தான் இருக்கும். மேலே குழாய் உடைந்து தண்ணீர் கொட்டும்போது வால்வு பிளாஸ்டர் மலைக்குப் பின்னால் இருந்தால்? மலையைச் சுத்தியலால் உடைக்க வேண்டியதுதான்.

எனவே தண்டவாளத்தில் கை வைக்கும் முன் வீட்டை வரையுங்கள். இதற்கு லேயர் வசதி உதவும். லேயர் என்பது கண்ணாடித் தாள் போன்றது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம், வேண்டாதபோது மறைக்கலாம். முதல் லேயரில் சுவர், வால்வு, குழாய், இரண்டாவதில் தண்டவாளம், மூன்றாவதில் மலையும் மரங்களும் என்று நான் பிரித்துக்கொள்வேன். முதல் லேயரை ஃப்ரீஸ் செய்துவிட்டால், மவுஸ் தவறிப் பட்டாலும் வால்வு இடம் மாறாது.

மெயின் மின் பேனல் மட்டும் தனி விஷயம். அந்நாட்டு மின் விதிகளின்படி அதன் முன்னால் பொதுவாக 3 அடி ஆழம், 30 அங்குல அகலம் காலியாக இருக்க வேண்டும். கழற்றக் கூடிய மலையைக்கூட அங்கே வைக்கக் கூடாது. சிவப்புக் கட்டம் போட்டு ஒதுக்கிவிடுங்கள்.

மற்ற இடங்களில் தூக்கி எடுக்கும் துண்டுகளாக அமைக்கலாம். ஒரு ஆள் தலையும் தோளும் நுழைத்து வேலை பார்க்க சுமார் 2 அடிக்கு 2 அடி வேண்டும். வால்வைக் கையால் திருப்ப மட்டும் என்றால் சிறிய துண்டே போதும். பிளாஸ்டர் கனக்கும், தெர்மோகோலைவிடக் கெட்டியான ஃபோம் பலகையில் செய்தால் ஒருவரே தூக்கிவிடலாம். பசையும் ஸ்குருவும் வேண்டாம். துண்டின் அடியில் இரண்டு மர முளைகள், மேசையில் அவற்றுக்கு இரண்டு துளைகள், அவ்வளவுதான். விளக்கு எரியும் பொம்மை வீடுகள் இருந்தால் ஒயரைப் பிடுங்கும்படி பிளக் வைத்துவிடுங்கள்.

வெட்டிய கோடு தெரியாமல் இருப்பதில்தான் அழகு. புல்வெளி நடுவே நேர்கோடாகப் போனால் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். சாலை ஓரம், ஆற்றங்கரை, வேலி, கட்டடத்தின் அடி ஆகிய இடங்களில் கோட்டைக் கொண்டுபோனால் யாருக்கும் தெரியாது. முளைகள் இருப்பதால் துண்டு நேர் மேலே வர வேண்டும். மேலே பாலமோ தாழ்ந்த குழாயோ இருந்தால் இடிக்கும். எடுத்த துண்டை எங்கே வைப்பது என்பதையும் யோசியுங்கள். மேசைக்கு அடியில் ஒரு காலித் தட்டு போதும்.

துண்டின் மேல் தண்டவாளம் போகாமல் இருப்பதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால், துண்டை எடுத்ததும் இருபுறமும் ஒரு ரயில் நீளத்துக்குக் கரண்ட் நிற்கும்படி ஒயரிங் செய்ய வேண்டும். இல்லையென்றால் விலை உயர்ந்த இன்ஜின் தரையில் விழும்.

வரைந்து முடித்ததும், பிரிண்ட் ஸ்கேலை 1 என்று கொடுத்தால் படம் நிஜ அளவிலேயே பல தாள்களில் வரும். தாள்களை ஒட்டி ஃபோம் பலகை மேல் பரப்பி, கோட்டின் மேலேயே கத்தியை ஓட்டலாம்.