புல்லிடைக் குருவிகள்

மழை பெய்து ஓய்ந்தபின் வயலோரத்துப் புல்வெளி வழியே செல்வோர், தலைக்கு மேலே யாரோ கத்தரிக்கோலால் துணி நறுக்குவது போன்றதோர் ஒலியைக் கேட்டிருத்தல் கூடும். அண்ணாந்து நோக்கின், பழுப்பு நிறமுடைய சின்னஞ்சிறு குருவி ஒன்று அலையலையாக எழுந்தும் தாழ்ந்தும் வானில் வட்டமிடுவது தெரியும். ஒவ்வோர் அலைக்கும் ஒருமுறை 'சிட்' என அது ஒலிக்கும். சற்று நேரத்தில் புல்லுக்குள் இறங்கி மறைந்துவிடும். பிறகு எவ்வளவு தேடினும் அதனைக் காண்டல் அரிது.

இதுவே விசிறிவால் கதிர்க்குருவி. நீளம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். எடையும் 10 கிராம் அளவே. முதுகில் கருங்கோடுகள் ஓடும். குட்டையான வாலை விரிக்குங்கால் அதன் நுனியில் வெள்ளை விளிம்பு தோன்றும். இக்குருவி சிஸ்டிகோலா என்னும் பேரினத்தைச் சார்ந்தது. இப்பேரினத்தில் ஏறத்தாழ 50 வகைகள் உள. பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில் வாழ்வன. விசிறிவால் கதிர்க்குருவியோ தென் ஐரோப்பாவிலும், இந்தியாவிலும், ஜப்பானிலும், ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலும் பரவியுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளில், இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலை செம்பொன் நிறம் பெறும் மற்றொரு வகையும் உண்டு. இந்தியாவில் உள்ளவை இவ்விரண்டே.

இதன் கூட்டைக் காண்போர் வியவாதிரார். ஆண் குருவி, வளர்ந்து நிற்கும் பசும்புல்லின் இலைகளைச் சிலந்தி நூலால் ஒன்றோடொன்று பிணைத்து, மேற்புறம் வாயுள்ள சிறு பை ஒன்றை அமைக்கிறது. புல்லை அறுத்துக் கட்டுவதில்லையாதலின் கூடு பசுமை மாறாது நிற்கும். அதனால் பகைவர் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆண் ஒரு கூட்டோடு அமைவதில்லை. பல கூடுகளை அரைகுறையாகக் கட்டிவிட்டுப் பெண்ணை அழைக்கும். பெண் ஏற்றுக்கொண்ட கூட்டினுள் மெல்லிய பஞ்சினைப் பரப்பி முட்டையிடும். அடைகாப்பதும் பெரும்பாலும் பெண்ணின் பொறுப்பே. ஆணோ மீண்டும் வானில் ஏறி அடுத்த பெண்ணை நாடி ஒலிக்கத் தொடங்கும்!

இப்பேரினத்து வகைகளைப் பிரித்தறிவது அறிஞரையே திணறச் செய்தது. எல்லாம் பழுப்பு, எல்லாவற்றிலும் கோடுகள், பருவத்திற்கேற்பச் சிறகின் நிறமும் மாறும். அருங்காட்சியகத்துப் பதப்படுத்திய உடல்களைக் கொண்டு மட்டும் இச்சிக்கலைத் தீர்த்தல் இயலவில்லை. பிரிட்டிஷ் கடற்படையில் உயர்பதவி வகித்த ஹியூபர்ட் லைன்ஸ் என்பார் ஆப்பிரிக்காவிற்கே சென்று, இக்குருவிகளை அவை வாழும் இடத்திலேயே ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் பயனாக எழுந்த விரிவான நூல் 1930-இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு வழங்கும் பெயர்களே இவை ஒலியால் அறியப்படுபவை என்பதைக் காட்டும்: புலம்புவது, சீழ்க்கையடிப்பது, கிணுகிணுப்பது, சிறகைச் சொடுக்குவது என்னும் பொருளுடைய பெயர்கள் அவை. உருவத்தில் ஒத்திருப்பினும் ஒரு வகையின் பாட்டை மற்றொரு வகை பாடுவதில்லை. பெண்ணும் தன் வகையின் ஆணை அப்பாட்டினாலேயே அறிந்துகொள்கிறது எனக் கருதுவது பொருத்தமாகும்.

நெருங்கிப் பார்த்தாலன்றிப் புலப்படாத உயிர், அழியும்பொழுதும் பிறர் கண்ணிற்படுவதில்லை. விசிறிவால் கதிர்க்குருவி இன்று அருகிய பறவையன்று. நெல்வயலிலும் வாழக் கற்றுக்கொண்டது. எனினும் குஞ்சுகள் பறக்கும் முன்னரே அறுவடை வந்துவிடின் கூடு கதிரோடு போய்விடும்.

சதுப்பு நிலமொன்றையே புகலாகக் கொண்ட வகைகளின் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. டான்சானியா நாட்டில் கிலொம்பெரோ ஆற்றின் வெள்ளச் சமவெளி உள்ளது. அங்குள்ள நாணற்காட்டில் இரு புதிய சிஸ்டிகோலா வகைகள் வாழ்வதை 1980-களிலேயே ஆய்வாளர் அறிந்திருந்தனர். ஆயினும் அவற்றுக்கு முறையான அறிவியற்பெயர் கிடைத்தது 2021-இல்தான். அச்சமவெளி 2002-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இருப்பினும் பயிர்த்தொழிலும் கால்நடை மேய்ச்சலும் நாணற்காட்டினுள் புகுந்துகொண்டே வந்துள்ளன. அவ்விரு குருவிகளும் உலகில் வேறெங்கும் இருப்பதாக அறியப்படவில்லை.